மன்னார்க் காற்றும் மகாவலி நீரும்

காற்று மின்சாரம் என்றதும் இலங்கையில் மன்னார், கற்பிட்டி, பூநகரி என்ற பெயர்கள்தான் வாயில் வரும். கண்டியை அந்த வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்கக் காரணமும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், ஹந்தானை, பஹிரவகந்த, உடவத்தகலை என்று குன்றுகள் அடைத்து நிற்கும் பள்ளத்தில் நகரம் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரத்து வாகனப் புகை கலையாமல் அங்கேயே தங்கிவிடுகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. காற்றாலைக்கு அங்கே இடமில்லாததற்கும் அதே நில அமைப்புத்தான் காரணம். ஆயினும் இந்த நாட்டில் காற்று மின்சாரம் எவ்வளவு தூரம் வளரும் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி கண்டியைச் சுற்றித்தான் இருக்கிறது என்பது என் வாதம். கோபுரத்தை எங்கே நடுவது என்பதையே பேசிப் பேசி, காற்று ஓயும்போது அந்த இடத்தை எது நிரப்பும் என்பதைப் பேசாமல் விட்டுவிட்டோம். இன்றைக்கு அதை எரிபொருள் செலவில்லாமல் நிரப்பக்கூடியது கொத்மலையிலும் விக்டோரியாவிலும் ரந்தெனிகலையிலும் தேங்கி நிற்கும் மகாவலித் தண்ணீர்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வீசும் காற்றில் உள்ள ஆற்றல் மூன்றைப் பொறுத்தது: காற்றின் அடர்த்தி, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு, காற்றின் வேகம். முதல் இரண்டும் நேர்விகிதத்தில் கூடுகின்றன. வேகம் மட்டும் அப்படியில்லை. அது இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது, பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பண்ணையில் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். ஓர் இயந்திரத்தின் சுழல் வட்டம் 126 மீட்டர் விட்டம், அதாவது ஏறக்குறைய 12,500 சதுர மீட்டர் பரப்பு. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசும் கடற்கரைக் காற்று அந்த வட்டத்துக்குள் சுமார் 3.7 மெகாவாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதை முழுதாகப் பிடிக்க முடியாது. முழு ஆற்றலையும் பறித்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழியிருக்காது. ஆகக்கூடியது 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் அல்பர்ட் பெட்ஸ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கணித்துக் காட்டினார். நடைமுறை இழப்புகளையும் கழித்தால் கைக்கு வருவது ஒன்றரை மெகாவாட் அளவு. அதே காற்று விநாடிக்கு 4 மீட்டராகத் தணிந்தால் 0.2 மெகாவாட் வந்தால் பெரிது. 3 மீட்டருக்குக் கீழே இயந்திரம் மின்சாரம் தருவதையே நிறுத்திவிடும். காற்று மின்சாரத்தின் பெருமையும் சிக்கலும் இந்த எட்டு மடங்குக்குள் அடங்கிவிடுகின்றன. சற்றே பலமான காற்றுள்ள இடம் அள்ளிக் கொடுக்கும். அங்கேயே காற்று சற்றே தளர்ந்தால் மின்வலையமைப்பில் பெரிய பள்ளம் விழும்.

மலைநாட்டுக் காற்று உதவாத காற்று என்று இதற்குப் பொருளில்லை. மத்திய மலைத்தொடரின் தென் விளிம்பில், சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய சரிவுகளில், கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அங்கே நீர்மின் அணை கட்டப்படுவதற்கு முன் நடந்த தொல்லியல் ஆய்வில் இத்தகைய உலைக்களங்கள் 77 அடையாளம் காணப்பட்டன. கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அதே மாதிரி உலையைக் கட்டி இரும்பு உருக்கிப் பார்த்து, முடிவுகளை 1996இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். துருத்தியில்லை, காற்று உலை வாயில் நேரே புகுந்து ஊதவுமில்லை. நீண்ட முன்சுவரின் மேல் காற்று வளைந்து ஓடும்போது சுவரின் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, அடியிலுள்ள குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்றைய காற்றாலையின் இறக்கையைச் சுழற்றுவதும் இதே அழுத்த வேறுபாடுதான். காற்று தட்டித் தள்ளுவதால் இறக்கை சுழல்கிறது என்பது பலருடைய நினைப்பு. வளைந்த மேற்பரப்பில் வேகமாக ஓடும் காற்று அதைத் தன் பக்கம் இழுப்பதே உண்மை. அந்த உலைக்களங்களில் பல பின்னர் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன என்பது இந்தக் கதையோடு சேர்ந்த இன்னொரு செய்தி.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுகூடம் 2003இல் வெளியிட்ட இலங்கைக் காற்று வரைபடமும் மலைநாட்டை ஒதுக்கவில்லை. கற்பிட்டியிலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வரையான வடமேற்குக் கரையை முதலில் சொன்ன அது, மத்திய மாகாணத்தின் உயர்ந்த முகடுகளையும் நல்ல காற்றுள்ள இடங்களாகக் குறித்தது. மாத்தளைப் பக்கம் ரிவர்ஸ்டனில் ஏறி நின்றவருக்கு வரைபடம் தேவையில்லை. தும்பறை மலைகளின் உச்சிக் காடு இடுப்பளவு குட்டையாகிக் கிடப்பதற்குக் காற்றும் ஒரு காரணம். நுவரெலியா மாவட்டத்தில் அம்பேவெல புல்வெளியில் 3 மெகாவாட் பண்ணை ஒன்று 2012 முதல் இயங்குகிறது. இருந்தும் அதற்குப் பிறகு மலையில் பெரிய பண்ணை எதுவும் வரவில்லை. இது அலட்சியம் அல்ல, நியாயமான தயக்கம் என்றே நினைக்கிறேன். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவு மின்சாரமும் குறையும். அது சிறிய இழப்பு. பெரிய தடை வீதிதான். மன்னாரில் சுழலும் இறக்கை ஒன்று 60 மீட்டருக்கு மேல் நீளம். கடலோரச் சமவெளியில் அதை இழுத்துச் செல்லலாம். கடுகண்ணாவை ஏற்றத்திலும் மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலும் அதைத் திருப்ப வேண்டுமானால் மலையை வெட்டவேண்டும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்கள். தும்பறை மலைக்காடு 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. சில பத்து மெகாவாட்டுக்காக அந்த முகடுகளில் கனரக வாகனப் பாதை போடுவதைத் தூய ஆற்றல் என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது.

ஆக, காற்று மன்னாரிலிருந்து வரட்டும். அது கண்டிக்கு வரும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மன்னார் நடுக்குடாவிலிருந்து வவுனியா வழியாகப் புதிய அநுராதபுரத்துக்கு 220 கிலோவோல்ட் மின்பாதை. அங்கிருந்து தெற்கே கொத்மலைக்கு இன்னொன்று. கொத்மலை நாட்டின் மின்வலையமைப்பில் ஒரு பெரிய சந்தி. 2021 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கொத்மலை–பியகம மின்பாதையில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. காற்றாலையும் நீர்மின் இயந்திரமும் இப்படி ஒரே கம்பியில் தொங்குவதால், அவை ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க முடியும். விக்டோரியா மின்நிலையத்தில் தலா 70 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள் உள்ளன. தம்பபவனி முழுவீச்சில் சுழலும்போது அதற்கு ஈடாக அவற்றில் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைப் பாதிக்குத் தணிக்கலாம். நிறுத்தியதால் மிஞ்சிய தண்ணீர் எங்கும் போகாது, அணைக்குள்ளேயே நிற்கும். நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கனமீட்டர் தண்ணீரும் ஏறக்குறைய கால் மின் அலகு தரும்; அதை மாலை ஆறரைக்கு, ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். காற்று திடீரென விழுந்தாலும் நீர்மின் இயந்திரம் சில நிமிடங்களில் முழு வேகத்துக்கு வந்துவிடும். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை நிறுத்திவிட்டுத் திரும்ப எழுப்ப நாள்கணக்காகும். இந்த விதத்தில் பார்த்தால் நீர்த்தேக்கம் காற்று மின்சாரத்தின் சேமிப்புக் கணக்கு. அதில் பணம் போடுவது மன்னார், புத்தகம் இருப்பது கண்டியில்.

இந்தச் சேமிப்புக்கான விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் மலைநாட்டு மக்களால். துரித மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணைக்காக சுமார் 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்கடியில் போனது. கொத்மலைப் பள்ளத்தாக்கில் வயல்களும் விகாரைகளும் மூழ்கின. அந்த இழப்பை இனி யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அப்படிக் கட்டிய அணைகளை வெறும் மின்நிலையங்களாக ஓட்டுவதைவிட, பல மடங்கு காற்று மின்சாரத்தைத் தாங்கும் தூண்களாக ஓட்டினால் அந்த இழப்புக்குக் கிடைக்கும் பயன் பெருகும். புதிதாக ஒரு ஊரை மூழ்கடிக்கவும் வேண்டியதில்லை.

மறுப்புகள் பலமானவை. முதலாவதும் பெரியதும்: அந்தத் தண்ணீர் மின்சார சபையுடையதல்ல, உழவர்களுடையது. பொல்கொல்லையில் 1976 முதல் திருப்பிவிடப்படும் மகாவலி, சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலைய இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு வடக்கே வயல்களுக்குப் போகிறது. கீழே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை தாண்டி மினிப்பே அணைக்கட்டு காத்திருக்கிறது. சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் எவ்வளவு நீர் என்பதை மகாவலி அதிகார சபை, நீர்ப்பாசனத் திணைக்களம், மின்சார சபை ஆகியவை கூடித்தான் தீர்மானிக்கின்றன. காற்றைச் சாக்காக வைத்து நீரை மறித்தால் பயிர் காயும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் வயலுக்குத் தேவை வாரக்கணக்கிலான அளவு. காற்றை ஈடுசெய்யத் தேவை மணிக்கணக்கிலான மாற்றம். பத்து மணிக்கு வரவேண்டிய நீர் இரவு ஏழுக்கு வந்தால் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது, வாரத்தின் மொத்தம் குறையாதவரை. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யத்தான் ரந்தெனிகலைக்குக் கீழே ரந்தம்பை என்ற சின்னத் தேக்கம் இருக்கிறது. ஆனால் பொல்கொல்லையில் இந்தச் சமாதானம் செல்லாது. அங்கே பெரிய தேக்கம் இல்லை, வருகிற நீரைத் திருப்பும் தடுப்பணை மட்டுமே. எனவே காற்றுக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பை உக்குவெலயின் தலையில் கட்டக்கூடாது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. தென்மேற்குப் பருவம்தான் மே முதல் செப்டம்பர் வரை மன்னாரில் காற்றைக் கொண்டுவருகிறது. அதே பருவம்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையையும் கொட்டுகிறது. கொத்மலையில் வான்கதவு திறந்து நீர் வீணாக ஓடும் நாளில் மன்னார்க் காற்றை வைத்து எந்த நீரைச் சேமிப்பது? கொத்மலைக்கு இது பொருந்தும். அந்த நீர்த்தேக்கம் 174 மில்லியன் கனமீட்டர்தான் கொள்ளும். ஆனால் விக்டோரியாவும் ரந்தெனிகலையும் சேர்ந்து 1,500 மில்லியன் கனமீட்டருக்கு மேல் கொள்ளும், அவை மலையின் மழைமறைவுப் பக்கம் இருக்கின்றன. கிழக்கில் கச்சான் என்று அழைக்கப்படும் வறண்ட காற்று அந்தச் சரிவில்தான் இறங்கி ஓடுகிறது. அந்த இரு தேக்கங்களும் நிறைவதற்குப் பெரிதும் உதவுவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழை. என் வாதத்துக்கு முக்கியமானதும் இந்தப் பருவம்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று மன்னாரில் மறுபடி வீசுகிறது, தென்மேற்கின் பலத்தில் இல்லாவிட்டாலும். அந்த மூன்று மாதமும் காற்று ஓரளவு சுமையைத் தாங்கினால், பெரும்போகத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சும் நீரை மார்ச், ஏப்ரல் வரை பிடித்துவைக்கலாம். மார்ச்சும் ஏப்ரலும்தான் இந்த நாட்டின் மின்சாரத்துக்குப் பஞ்ச மாதங்கள்: மழையில்லை, காற்றுமில்லை, வெக்கையில் தேவை மட்டும் ஏறும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததற்கு எரிபொருள் வாங்க டொலர் இல்லாதது முதற்காரணம். நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தது அதைத் தாங்கமுடியாததாக ஆக்கியது.

மூன்றாவது, காற்று தூய்மையானதுதானா என்ற கேள்வி. இரும்பு, கொங்கிறீட்டு, கண்ணாடி இழை, கப்பல் பயணம் எல்லாவற்றையும் சேர்த்து வாழ்நாள் கணக்கெடுத்தால், தரைக் காற்றாலையின் ஒரு மின் அலகுக்கு நடுத்தர மதிப்பாக 11 கிராம் காபனீரொட்சைட்டுக்கு இணையான உமிழ்வு என்கிறது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2014ஆம் ஆண்டு அறிக்கை, நிலக்கரிக்கு 820. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் நாட்டின் மிகச்சிறந்த காற்றுள்ள கற்பிட்டிக் குடாநாட்டில் நிற்பது தனியே எழுதவேண்டிய வேடிக்கை. காற்றாலையைச் சுழற்றவேண்டிய பருவக்காற்று, அங்கே சாம்பலைத் தங்கள் தோட்டங்களில் கொட்டுவதாக அயல் கிராமத்தவர் முறையிட்டு வருகிறார்கள். காபன் கணக்கு மட்டுமே தூய்மையல்ல என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும். மன்னார் மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் ராம்சார் ஈரநிலம். தம்பபவனியில் பறவைகளைக் கண்டறியும் ரேடார் வைத்ததும் அதனால்தான். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட்டுக்கு அதானி நிறுவனம் முன்வைத்த திட்டம், ஓர் அலகு 8.26 அமெரிக்க சதம் என்ற விலையாலும் சூழல் வழக்குகளாலும் இழுபட்டு, 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகியதோடு முடிந்தது. மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டி விலை கோரியபோது 4.65 சதத்துக்கு இணக்கம் வந்தது. வெளிப்படையான போட்டியின் பலனைக் காட்ட இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. விலை குறைந்ததால் மன்னார் மக்களின் எதிர்ப்புக்குப் பதில் கிடைத்துவிட்டதாக அர்த்தமுமில்லை. தீவின் வடிகால், மீன்பிடி, பறவைகள் பற்றிய அவர்கள் கேள்விகள் விலையால் தீராதவை. பண்ணைகளைத் தீவுக்கு வெளியே பெருநிலக் கரைக்கு நகர்த்த முடியுமானால் சற்றுக் கூடிய விலை கொடுப்பதிலும் தவறில்லை.

எல்லாவற்றையும் மின்கலங்களில் தேக்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: மின்கலம் மாலை நான்கு மணிநேரத்தைத் தாண்டவைக்கும், ஜனவரி நீரை ஏப்ரலுக்குக் கொண்டுபோகாது. அதற்காக மின்கலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருண்டது. ஊர் சிரித்தது குரங்கைப் பற்றி. பொறியியலாளர்கள் பேசியது வேறு: அந்த நேரத்தில் தேவை குறைந்து, சூரிய மின்சாரம் கூடி, அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழல் இயந்திரங்கள் வலையமைப்பில் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. நவீன காற்றாலையும் மின்னணுச் சாதனம் வழியாகவே இணைவதால் அந்தக் கனத்தைத் தானாகத் தராது. விக்டோரியா, கொத்மலை இயந்திரங்களின் இரும்பு உருளைகள் அதைத் தருகின்றன. காற்று கூடக்கூட அவற்றின் பங்கு மின் அலகு உற்பத்தியிலிருந்து வலையமைப்பை நிலைநிறுத்தும் வேலைக்கு நகரும்.

காற்றின் ஏற்ற இறக்கத்துக்கான பெரிய தீர்வாக மின்சார சபை முன்வைத்தது மகா ஓயா நீரேற்று மின்திட்டம். அரநாயக்கவுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் மேலும் கீழுமாக இரண்டு தேக்கங்கள், 600 மெகாவாட். மிகுந்த காற்று மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்குவது. போட்டதில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். கணக்கில் நல்ல திட்டம். ஆனால் 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அந்த மண்ணில் தினமும் நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கத்தைக் கட்டலாமா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நில ஆய்வு முடிவுசெய்ய வேண்டும், அந்த முடிவு தமிழிலும் சிங்களத்திலும் ஊர்மக்கள் கைக்குப் போகவேண்டும். அதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று விக்டோரியாவில் காத்திருக்கிறது. அணை கட்டிய 1980களிலேயே, பிற்காலத்தில் மின்நிலையத்தை விரிவாக்குவதற்கென்று இன்னொரு நீர் உள்வாயிலைக் கட்டி வைத்தார்கள். 2009இல் ஜப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகவரகம் செய்த சாத்திய ஆய்வு, அதைப் பயன்படுத்தி மேலும் 228 மெகாவாட் சேர்க்கலாம் என்றது. இதனால் ஆண்டுக்கான மின் அலகுகள் பெரிதாகக் கூடாது, அதே தண்ணீரைக் குறுகிய நேரத்தில் பலமாக இறக்கும் வலுதான் கூடும். அன்றைக்கு அது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். மன்னாரில் சில நூறு மெகாவாட் காற்று எழுந்து விழும் காலத்தில் தேவைப்படுவது அந்த வலுவே. புதிதாக எந்தப் பள்ளத்தாக்கையும் மூழ்கடிக்காத இந்த விரிவாக்கம், காற்றுத் திட்டங்களின் பட்டியலில் மன்னாரின் அடுத்த பண்ணைக்கு முன்னால் வரவேண்டும்.